பிரிட்ஜுக்குத் தைத்த சட்டை

எங்கள் காம்பவுண்டில் கரண்ட் மீட்டருக்குச் சட்டை போட்டிருந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ரீடிங் எடுக்க வந்தவரே முதலில் நம்பவில்லை. வெளிர்நீலத் துணி. ஓரம் மடித்துத் தைத்து, எண் தெரிகிற இடத்தில் மட்டும் வட்டமாக வெட்டி, அந்த வட்டத்துக்கும் பனியன் கழுத்துக்கு வைப்பதுபோலப் பட்டி வைத்திருந்தது. அவர் தூக்கிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார். பிறகு, "கழுத்து நல்லா உக்காந்திருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். தைத்தவருக்கு அன்று முழுக்க அதே பேச்சுதான்.

அவரை நாங்கள் கவர் அக்கா என்போம். முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் கவர் அக்கா. அது அவருக்கும் தெரியும். "எம்பட பேருக்கே ஒரு கவர் மாட்டி உட்டுட்டீங்களாக்கும்" என்று ஒரு நாள் குழாயடியில் வைத்துக் கேட்டார். எல்லோரும் சிரித்தோம். அவரும்தான் சிரித்தார். சாமளாபுரத்தில் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்து வளர்ந்தவர் என்பதால் குரல் எப்போதும் தறிக்கு மேலேதான் இருக்கும். அவர் நம் காதோடு ரகசியம் சொன்னால் எதிர் வரிசைக்காரர்கள் "அப்படியா" என்று கேட்பார்கள்.

நான் அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து கல்யாணம் முடிந்த கையோடு திருப்பூருக்கு வந்தவள். அனுப்பர்பாளையத்துக்குப் பக்கத்தில், ஒரு பனியன் கம்பெனியின் பின்சுவரை ஒட்டி எதிரெதிராக இரண்டு வரிசை வீடுகள், நடுவில் ஒரு குழாய். அதில் கடைசி வீடு எங்களுடையது, அதற்கு முந்தியது அக்காவுடையது. என் வீட்டுக்காரருக்குச் சாயப்பட்டறையில் ஷிப்ட். எனக்குக் கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் பனியனை மேஜையில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது என்று குறையாகத் தேடி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். "உனக்குன்னே கண்டுபிடிச்ச வேலை" என்பார் என் வீட்டுக்காரர். வேலை முடிந்து வந்தாலும் அந்தக் கண் சும்மா இருக்காது. அக்கா கட்டியிருக்கும் புடவையில் நூல் பிரிந்திருப்பது அக்காவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே என் கண்ணில் பட்டுவிடும்.

அக்காவின் முன்னறையில், பனியன் துணிக்கு ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் ஒன்று இருந்தது. கம்பெனிகளிலிருந்து பீஸ் வாங்கித் தைத்துக் கொடுப்பார். கழிவுத் துணிக்கு அந்த வீட்டில் பஞ்சமே இல்லை. கேஸ் சிலிண்டருக்குப் பாவாடை, மிக்ஸிக்குத் தொப்பி, டிவி ரிமோட்டுக்கு உள்ளாடை ஒன்று மேலாடை ஒன்று. மாடி அறையில் தங்கியிருந்த ஒடிசாப் பையன்களின் தண்ணீர் பாட்டில்களுக்கு ஆளுக்கொரு நிறம். அவர்கள் இந்தியில் நன்றி சொல்ல, இவர் தமிழில், "தொவைக்கறப்ப சுடுதண்ணியில போட்டுப்போடாதீங்க சாமி, சுருங்கிப் போகும்" என்று கத்தி விளக்குவார். அவர் வீட்டுக்காரர் லோடு டெம்போ ஓட்டுகிறவர், அதிகம் பேசாத மனிதர். டெம்போவின் கியர் குமிழுக்குக்கூடக் குல்லா உண்டு. "நான் ஊட்டுல ஒரே எடத்துல சித்த நேரம் உக்காறதில்லீங்க. உக்காந்தா எனக்கும் அளவெடுத்துருவாங்க" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார்.

எதற்கு இத்தனை என்று கேட்டால், "துணியில்லாம நின்னா நல்லாவா இருக்குது?" என்பார் அக்கா. கொஞ்சம் பொறுத்து, "கண்ணுபடாமயும் இருக்கும்" என்று சேர்த்துக்கொள்வார்.

அவருக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதைப் பற்றி அவர் பேசமாட்டார், நாங்களும் கேட்கமாட்டோம். முதல் வீட்டுக்காரம்மா மட்டும் விதிவிலக்கு. அந்த அம்மாவுக்கு அடுத்தவர் வீட்டு விஷயம் என்றால் வாயில் வெற்றிலை போட்ட மாதிரி, மென்றுகொண்டே இருக்க வேண்டும். என் வளைகாப்பைக் காம்பவுண்டிலேயே வைத்தோம். தட்டுகளுக்கெல்லாம் பூப்போட்ட மூடுதுணி தைத்துக் கொடுத்தது அக்காதான். ஆனால் வளையல் போடக் கூப்பிட்டபோது அவரைக் காணவில்லை. பின்னால் போய்ப் பார்த்தால் அண்டா கழுவிக்கொண்டிருந்தார். "எனக்கு இங்க வேலை கெடக்குது அம்மிணி, அவியளை வெச்சுப் போட்டுக்க" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது, அழுகையும் வந்தது. கையைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. நிறைமாதக்காரி எவ்வளவுதான் இழுக்க முடியும்.

நான் கர்ப்பமாக இருந்த சமயத்தில்தான் அவர்கள் வீட்டுக்குப் பிரிட்ஜ் வந்தது. ஒற்றைக் கதவு, உள்ளே மேல்தட்டில் ஐஸ் பெட்டி, அதற்கு ஒரு பிளாஸ்டிக் மூடி. காம்பவுண்டுக்கே முதல் பிரிட்ஜ். இறக்கி வைத்துவிட்டு ஆட்கள் போவதற்குள் அக்கா டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அதைச் சுற்றி வர ஆரம்பித்துவிட்டார். எல்லோர் வீட்டிலும் பிரிட்ஜின் தலையில் ஒரு துணியைப் போட்டுவிடுவார்கள், அத்தோடு சரி. இவர் தலையும் இரண்டு விலாவும் சேர்த்து உடம்போடு ஒட்டினாற்போலத் தைத்தார். முதுகுப் பக்கம் காற்றோட்டம் வேண்டும் என்று கடைக்காரர் சொன்னதால் அதை மட்டும் விட்டுவைத்தார். கதவுக்குத் தனியாக ஒரு சட்டை, கைப்பிடிக்கு ஒரு கை. துணியெல்லாம் வெளிநாட்டுக் குழந்தைகளுக்காக அச்சடித்த வெள்ளைக் கரடிகள். அச்சு சற்று விலகிவிட்டதால் கம்பெனி கழித்துப் போட்டது. ஒவ்வொரு கரடிக்கும் மூக்கு கன்னத்தில் இருந்தது.

முதலில் தைத்த சட்டை கதவைத் திறக்கும்போதெல்லாம் பின்னால் நழுவியது. அக்காவுக்கு அது மானப் பிரச்சினை. பிரித்து, முன்பக்க ஓரம் முழுவதும் ரிப் பட்டி வைத்தார். பனியன் கழுத்தில் வருமே, இழுத்தால் நீண்டு விட்டால் கவ்விக்கொள்ளும் துணி, அதுதான். அந்தப் பட்டியைப் பிரிட்ஜின் வாய் விளிம்புக்கு உள்ளே மடக்கிவிட்டுக் கதவைச் சாத்தினால் சட்டை இம்மியும் அசையாது. காம்பவுண்டே வந்து பார்த்துப் பாராட்டியது. நானும், "அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்குக்கா" என்றேன். குறை சொல்லியே பழகிய என் வாயிலிருந்து வந்த பாராட்டு என்பதால் அவருக்கு அது பெரிதாக இருந்தது.

மகன் பிறந்து நான்காவது மாதம் நடக்கும்போது என் அம்மா ஊருக்குத் திரும்பிவிட்டாள். கம்பெனியில், வந்தால் வா, இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறோம் என்றார்கள். எங்களுக்கு ஒரு சம்பளத்தில் வண்டி ஓடாது. பவுடர் பால் கொடுத்துப் பார்த்ததில் பையனுக்கு வயிற்றோட்டம் கண்டு ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கும்படி ஆனது. அங்கிருந்த நர்ஸ்தான் ஒரு வழி சொன்னார். தாய்ப்பாலைப் பீய்ச்சிச் சுத்தமான டப்பாவில் மூடி ஐஸ் பெட்டியில் வைக்கலாம், வேண்டும்போது வெந்நீரில் டப்பாவை நிறுத்தி இளக்கிக் கொடுக்கலாம், ஒரு தடவை இளகியதை மறுபடி உறைய வைக்கக்கூடாது.

இதைக் குழாயடியில் சொன்னபோது முதல் வீட்டுக்காரம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "பெத்தவ பாலைக் கொண்டுபோய் ஐஸ் பொட்டியில வெப்பாங்களா? கேக்கவே நல்லால்லீங்."

அக்கா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, "எம்பட பிரிட்ஜுல வெய்யி அம்மிணி. பயலையும் எங்கிட்டயே உட்டுட்டுப் போ. நான் ஊட்டுலதான கெடக்கறேன்" என்றார்.

அவர் சொன்னது தெரு முழுக்கக் கேட்டது. எனக்கு அந்த இடத்திலேயே கும்பிட வேண்டும்போல இருந்தது.

அப்படித்தான் என் பிழைப்பு அந்த ஐஸ் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தது. விடியற்காலையிலும் ராத்திரியிலும் பீய்ச்சிச் சின்னச் சின்ன எவர்சில்வர் டப்பாக்களில் மூடிக் கொடுப்பேன். அக்கா அந்த டப்பாக்களுக்கும் ஒவ்வொரு சட்டை தைத்திருந்தார். "பாலு யாரு கண்ணுக்கும் தெரியக்கூடாது" என்றார். சரி, மீட்டருக்கே போட்டவர் டப்பாவை விடுவாரா என்று நினைத்துக்கொண்டேன். மெஷினுக்குப் பக்கத்தில் விட்டத்தில் தொட்டில். ஒரு காலால் மெஷினை மிதித்து, ஒரு கையால் தொட்டிலை ஆட்டுவார். ஓவர்லாக் சத்தம் நின்றால்தான் பையன் விழித்துக்கொள்வான். சாயங்காலம் நான் வரும்போது அவன் வயிறு நிறைந்து, பவுடர் மணத்தோடு, எப்போதும் ஒரு மெல்லிய பனியன் துணி தலைமேல் போர்த்தியபடி இருப்பான்.

பத்து நாள் நன்றாகத்தான் போனது. அப்புறம் மழை பிடித்துக்கொண்டது, ஐஸ் பெட்டியின் சுவரெல்லாம் வெள்ளையாகப் பூத்தது. மூன்றாம் நாள் அது விரல் தடிமன் ஆனது. அதன் பிறகு பெட்டியின் மூடியே மூடவில்லை. டப்பாக்கள் ஐஸுக்குள் புதைந்துபோயின. ஒரு நாள் காலையில் பையன் பசியில் வீறிட, டப்பா கையோடு வராமல் போகவே, அக்காவின் வீட்டுக்காரர் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"ஏனுங்க, நெம்பாதீங்க. உள்ளாற கேஸ் போற கொழாய் இருக்குதாமா. அது ஓட்டையாச்சுன்னா பொட்டியவே தூக்கிப் போடோணும்" என்று அக்கா குறுக்கே நின்றார். பிறகு பிரிட்ஜை நிறுத்தி, உள்ளே வெந்நீர்ப் பாத்திரம் வைத்து, கதவைத் திறந்துபோட்டுக் காத்திருந்தோம். ஐஸ் இளகியபோது எல்லா டப்பாவும் சேர்ந்தே இளகியது. அன்றைக்கு அவன் குடித்தது போக மீதியை நான் கொட்ட வேண்டியதாயிற்று. தாய்ப்பால் கால் படுகிற இடத்தில் விழக்கூடாது என்பார்கள். செம்பருத்திச் செடியின் வேரில் ஊற்றினேன். தூக்கத்தைக் கெடுத்துச் சேர்த்த பால் அது.

மெக்கானிக் பாய் வந்தார். அவர் வருவதற்கு முந்தின நாளே அக்கா பிரிட்ஜின் சட்டைகளையெல்லாம் கழற்றித் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டார். வெளியாள் கை, எண்ணெய்க் கறை பட்டால் போகாது அல்லவா. பிரிட்ஜையும் துடைத்துப் பொட்டு வைத்து, உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்பும் பிள்ளையைப்போல நிறுத்தியிருந்தார். பாய் ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்தார். காகிதம் கிழிந்ததே தவிர வரவில்லை.

"ரப்பர் நல்லா புடிக்குதுங்கக்கா. காத்து உள்ள போக வழியில்லீங்க" என்றார். குளிர் திருகைக் குறைத்து வைத்தார். சூடாக எதையும் வைக்கக்கூடாது, அடிக்கடி திறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்தாறு நாள் பனியே படியவில்லை. பாய்க்குக் கைராசி என்றோம். வெள்ளிக்கிழமை வந்தது. துவைத்த சட்டையை வெள்ளிக்கிழமை பார்த்துத்தான் பிரிட்ஜுக்குப் போடுவது அக்காவின் வழக்கம். போட்டார். அடுத்த வாரம் மறுபடி பனி. பாய் மறுபடி வந்து தெர்மோஸ்டாட்டை மாற்றினார். மறுபடி சில நாள் சுகம், மறுபடி பனி. மூன்றாவது தடவை கதவு ரப்பரையே புதிதாகப் போட்டார். அதற்கும் அதே கதைதான். ஒவ்வொரு தடவையும் சட்டை முன்கூட்டியே கொடிக்குப் போய்விடும் என்பதை எங்களில் ஒருவரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

"எனக்கே புரியலீங்க. ஊட்டுல அடிக்கடி தொறக்கறீங்களா?" என்றார் பாய்.

அன்றிலிருந்து ஒடிசாப் பையன்கள் பிரிட்ஜில் பாட்டில் வைப்பதை நிறுத்தினார்கள். மாவுப் பாத்திரங்கள் அவரவர் வீட்டுக்குத் திரும்பின. காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை என்று அக்கா மட்டும் திறந்தார். பனி அதைப் பற்றியெல்லாம் கவலைப்படவில்லை. வாரா வாரம் நான் செம்பருத்திக்குப் பால் ஊற்றினேன். பால் பற்றாத நாட்களில் அரை நாள் லீவு போட்டேன். ஷிப்மெண்ட் நேரம். இன்னொரு தடவை லீவு என்று வந்து நின்றால் மேஜையில் வேறு ஆள் இருக்கும் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

குழாயடியில் முதல் வீட்டுக்காரம்மா ஆரம்பித்தார். "மிஷினுல என்னங்க இருக்குது? எடுத்து வெக்கற கை எந்தக் கைன்னு பாருங்க. புள்ளை பெறாதவ கையில பெத்தவ பாலைக் குடுத்தா அது கல்லாத்தான் போகும்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "அந்தக் கைதான் ஏம்புள்ளைக்கு நாள் முழுக்கச் சோறூட்டாத குறையாப் பாத்துக்கிருது. ஒங்க வீட்டு ஐஸ் பெட்டியவா நாங்க கேட்டோம்?" என்றேன். அந்த அம்மா வாயை மூடிக்கொண்டு போனார். திரும்பிப் பார்த்தால் அக்கா குடத்தோடு பின்னால் நிற்கிறார். கேட்டிருப்பார் என்று தெரிந்தது. குடத்தை வைத்தார், தண்ணீர் பிடித்தார், போனார்.

மறுநாள் பால் டப்பாக்களுக்கு இரண்டாவதாக ஒரு சட்டை ஏறியிருந்தது. அதற்கு அடுத்த சனிக்கிழமை சாயங்காலம், பையனை என் கையில் கொடுக்கும்போது, தறிக்கு மேலே பேசுகிற அந்த மனுஷி எனக்கே கேட்காத குரலில் சொன்னார். "அம்மிணி, திங்கக்கெழமையில இருந்து பயலை வேற எடத்துல உடறக்குப் பாரு. எனக்கு முடியல."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "ஒடம்புக்கு என்னக்கா?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்றார். தையல் வேலை கெடுகிறதா, பிரிட்ஜ் கெடுகிறது என்ற சலிப்பா, நான் ஏதாவது தவறாகப் பேசிவிட்டேனா என்று இரவெல்லாம் புரண்டேன். வேறு இடம் என்றால் எந்த இடம்? அந்த ஊரில் எனக்கு வேறு யாரைத் தெரியும்? வேலையை விடுவது என்று முடிவுக்கே வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பாய் கடைசியாக ஒரு தடவை பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அக்கா காலையிலேயே சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். எப்படியாவது அவர் மனதை இளக்க வேண்டும் என்று, "குடுங்கக்கா, நான் தொவைக்கிறேன்" என்று கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கினேன். துவைக்கிற கல்லில் விரித்தேன். செக்கிங்காரிக்குத் துணி கையில் வந்தால் முதலில் உள்பக்கம் திருப்பிப் பார்க்கத் தோன்றும். திருப்பினேன். கரடியெல்லாம் காய்ந்து மொடமொடவென்றிருந்தது. ரிப் பட்டி மட்டும் சுற்றிலும் சொதசொதவென்று நனைந்திருந்தது. அதன்மேல் அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல ஒரு கறுப்புக் கோடு.

"இது என்னக்கா கறை?"

"அது ரப்பர் அழுக்கு அம்மிணி. ஒவ்வொருக்காவும் வந்துரும். அங்க பிரஷ் இருக்குது பாரு, அதுல தேச்சா போயிரும்."

கதவு ரப்பர் பதிந்த கோடு அது. ரப்பர் பிரிட்ஜின் விளிம்பில் அல்லவா பதிய வேண்டும். துவைப்பதை விட்டுவிட்டு உள்ளே ஓடி, ஈரச் சட்டையைப் பிரிட்ஜுக்கு மறுபடி மாட்டினேன். பட்டியை வாய்க்குள் மடக்கிக் கதவைச் சாத்தினேன். பார்ப்பதற்குக் கதவு நன்றாகத்தான் சாத்தியிருந்தது. பாய் செய்ததுபோலக் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து இடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்தேன். வெண்ணெயில் கத்தி போனதுபோல வந்துவிட்டது. சட்டையைக் கழற்றிவிட்டு வைத்தேன். தாள் வரவில்லை. மழைக்காலத்து ஈரக் காற்று பகலும் ராத்திரியும் அந்த ரிப்பின் கண் வழியாக உள்ளே போய்ப் பனியாகப் படிந்துகொண்டிருந்திருக்கிறது.

கண்டுபிடித்த சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட இல்லை. இதை இவரிடம் எப்படிச் சொல்வது? அவர் தைத்ததிலேயே பெருமையாகத் தைத்தது இதுதான். உங்கள் சட்டைதான் இவ்வளவு பாலையும் கொட்ட வைத்தது என்று, திங்கட்கிழமை பையனைக் கொண்டுவராதே என்று சொல்லிவிட்ட மனுஷியிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமலும் விட முடியாது. நேரடியாகவே சொல்லிவிட்டேன்.

"அக்கா, கோவிச்சுக்காதீக. பனிக்குக் காரணம் இந்தச் சட்டைதான். இந்தப் பட்டிதான் கதவை மூட விடாம காத்தை உள்ள விடுது." தாளை வைத்து இரண்டு விதமாகவும் இழுத்துக் காட்டினேன்.

அவர் பார்த்தார். தாளை என்னிடமிருந்து வாங்கித் தானும் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

"அப்ப நானில்லையா அம்மிணி?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. "நீங்க எதுக்குக்கா?"

"துணிதானா? நல்லாப் பாத்துச் சொல்லு. துணிதானா?"

"துணிதான்க்கா. சத்தியமா."

முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு பேசினார்.

"எம்பட கண்ணுதான்னு நெனச்சுப்போட்டேன். புள்ளையில்லாதவ கண்ணு பொல்லாததும்பாங்க. மொத நாளே எனக்கு அந்தப் பயம் இருந்துது. அதுக்குத்தான் டப்பாவுக்கெல்லாம் துணி போட்டேன், நான் பாலைப் பாக்கக்கூடாதுன்னு. அப்படியும் கல்லாட்ட ஆயிப்போகுதே. பயலுக்குக் குடுக்கறப்பக்கூட மூஞ்சியப் பாத்ததில்ல, செவுத்தப் பாத்துட்டுத்தான் குடுப்பேன். அவன் என்னையப் பாத்தான்னா தலையில துணியப் போட்டு உட்டுருவேன். பாலுக்கு ஆனது நாளைக்குப் பயலுக்கும் ஆயிருச்சுன்னா? அதனாலதான் வேற எடம் பாத்துக்கன்னேன். எனக்கு முடியாதுன்னா சொன்னேன்? முடியும் அம்மிணி. எத்தனை வருசம் வேணும்னாலும் முடியும்."

காலைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது. மீட்டர், ரிமோட், சிலிண்டர் எல்லாமே அப்படித்தானா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அவர் எழுந்து கத்தரியை எடுத்தார். பிரிட்ஜ் சட்டையிலிருந்து ரிப் பட்டியை ஓரம் பிசகாமல் வெட்டி எடுத்துக் குப்பையில் போட்டார்.

பேச்சுச் சத்தத்தில், வரும்போது நான் தொட்டிலில் போட்டிருந்த பையன் விழித்துச் சிணுங்கினான். அக்கா பிரிட்ஜைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்தார். இரண்டு சட்டையையும் உருவிப்போட்டுவிட்டு வெந்நீரில் நிறுத்தினார். இளகியதும் மூடியைத் திறந்து பாலை ஒரு நிமிஷம் பார்த்தார். பையனைத் தூக்கி மடியில் போட்டு, தலைமேல் இருந்த துணியை எடுத்துவிட்டு, பாலாடைச் சங்கை வாயில் வைத்தார். பிறகு மெதுவாகக் குனிந்து அவன் முகத்தை நேராகப் பார்த்தார்.

கைக்குழந்தை தன்னைப் பார்க்கிறவரைப் பார்த்துத்தானே சிரிக்கும். அவன் குடிப்பதை நிறுத்திவிட்டு அவரையே கொஞ்ச நேரம் பார்த்தான். கடைவாயில் பால் வழிய, முகமெல்லாம் மலர்ந்து சிரித்தான்.

"அட சாமி" என்றார் அக்கா. மூன்றாவது வீட்டுக்கும் கேட்டிருக்கும். "இவனுக்குக் கன்னத்துல குழி உழுகுதே அம்மிணி. எங்கிட்ட நீ சொல்லவே இல்லியே."